தேவிகா எங்கே பார்க்கிறாள்

1

இந்த மாதம் என் நிரந்தரவாசி அட்டையைப் புதுப்பிக்கும் முறை வந்தது. ஈப்போவில் அந்த அலுவலகத்துக்குப் போவதென்றால் பசியாறிவிட்டுத்தான் போக வேண்டும். 'பசியாறல்' என்றால் இங்கே காலைச் சாப்பாடு. காரைக்குடியில் இருந்தவரை இவ்வளவு அழகான சொல் நம்மிடம் இருப்பது எனக்குத் தெரியாது.

எண் வந்ததும் போய் உட்கார்ந்தேன். முகப்பில் இருந்த மலாய்ப் பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். "சிரிக்காதீங்க, கேமராவைப் பாருங்க" என்று மலாயில் சொல்லிப் படம் எடுத்தாள். பிறகு, "முகவரி அதேதானா?" என்று கேட்டாள். நான் தலையை ஆட்டினேன். நம் ஊர் ஆட்டல், காதுகள் தோளைத் தொடப் போகிற மாதிரி. அவள் விரலை விசைப்பலகைக்கு மேலே நிறுத்திக்கொண்டு, "அதேவா, மாறிடுச்சா?" என்று மறுபடி கேட்டாள். நானும் மறுபடி ஆட்டினேன். மூன்றாவது முறை வாயைத் திறந்து "சாமா, சாமா" என்றேன். அதே, அதே.

கல்யாணமாகி வந்த புதிதில் வங்கியிலும் கிளினிக்கிலும் இந்தத் தலையாட்டலால் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஆமாம் என்று நான் ஆட்டினால் வேண்டாம் என்று புரிந்துகொண்டு மருந்தைத் திரும்ப உள்ளே வைத்துவிடுவார்கள். என் வீட்டுக்காரர், "மெய்யம்மை, ஒண்ணு மேலும் கீழும் ஆட்டு, இல்ல வாயத் திற" என்று பாடம் எடுத்தார். கண்ணாடி முன்னால் நின்று பழகினேன். நன்றாகவே பழகிவிட்டது. காரைக்குடிக்கு வந்தால் அங்கே இருக்கிற நீங்கள் எல்லாரும், "என்னடி இது, பூம்பூம் மாடு மாதிரி" என்று கேலி செய்கிறீர்களே, அந்தத் தலைதான். களைப்பாக இருக்கும்போது பழைய தலை தானாக வந்துவிடுகிறது.

வழக்கமாக இதைச் சிரித்துவிட்டு மறந்திருப்பேன். இந்த முறை மறக்க முடியாததற்குக் காரணம், சில மாதங்களாக நான் வடிவமைத்துக்கொண்டிருந்த ஒரு புத்தகம்.

2

என் கடை ஈப்போ பழைய நகரத்தில் ஒரு கடைவீட்டின் மாடியில் இருக்கிறது. கல்யாண ஆல்பம், கோயில் திருவிழா மலர், நாளிதழுக்கு நினைவஞ்சலி விளம்பரம், எப்போதாவது புத்தகம். கீழே சீனர் ஒருவரின் கோப்பிக்கடை. அங்கே காற்றை வெளியேற்றும் விசிறி ஒன்று ஓயாமல் உறுமும். எனக்கு அது இப்போது காதில் விழுவதே இல்லை.

தேவிகாவுக்கு விழும். அதனால் கோப்பிக்கடை மூடிய பிற்பகலில்தான் வந்தாள். முப்பதைத் தாண்டிய பெண். பீடோர் பக்கம் பிறந்து வளர்ந்தவள், ஈப்போவில் காப்புறுதி, அதாவது இன்சூரன்ஸ், அலுவலகம் ஒன்றில் முகப்பில் வேலை. உட்கார்ந்தாள். என் மேசையில் இருந்த கத்தரிக்கோலைப் பார்த்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள்.

"அக்கா, நான் ஒங்க மூஞ்சப் பாக்க மாட்டேன். பாத்தா நீங்க சொல்றது காதுல ஏறாது. பரவால்லையா?"

பரவாயில்லை என்றேன். மனதுக்குள், திமிர் பிடித்தவள் என்று முடிவு கட்டிவிட்டேன். முகம் பார்த்துப் பேசாதவர்களை நம் பக்கம் வேறு என்ன சொல்வோம்? ஒன்று திமிர், இல்லையென்றால் கள்ளம்.

அவளுக்கு ஆட்டிசம் இருப்பதை வேலைக்குப் போன பிறகுதான் மருத்துவர்கள் கண்டு சொல்லியிருக்கிறார்கள். அதுவரை அவளுக்குத் தெரிந்ததெல்லாம், மற்றவர்களுக்குத் தானாக வருவது தனக்கு வரவில்லை, அது வருவது போலக் காட்டிக்கொள்ளாவிட்டால் வசவு விழும் என்பதுதான். எப்போது சிரிக்க வேண்டும், எவ்வளவு நேரம் கண்ணைப் பார்க்க வேண்டும், எங்கே "அப்படியா" போட வேண்டும் என்று எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்திருக்கிறாள். ஆங்கிலத்தில் இதை மாஸ்கிங், முகமூடி போடுவது, என்கிறார்கள். முகப்பில் நாள் முழுவதும் அப்படி உட்கார்ந்துவிட்டு வீட்டுக்குப் போனால், விளக்கைப் போடாமல், யாரோடும் பேசாமல் படுத்துவிடுவாளாம். சில நாள் சாப்பிடக்கூட வாய் திறக்காது என்றாள்.

தன்னைப் போல நான்கு பேரிடம் பேசி, தன் கதையையும் சேர்த்து எழுதியிருந்தாள். சித்தியவானில் ஒரு மீன் லோரி உதவியாள், மற்றவர்கள் சிரித்து முடிப்பதற்குள் தானும் சிரித்துவிட வேண்டும் என்று கூட்டத்தில் யார் முதலில் சிரிப்பார் என்றே பார்த்துக்கொண்டிருப்பவர். தெலுக் இந்தானில் ஓர் ஆசிரியை, பள்ளிக்கூட வாசலில் காரை நிறுத்தி, அன்று சக ஆசிரியர்களோடு பேச வேண்டியதை ஸ்டீயரிங்கிடம் ஒருமுறை பேசிப் பார்த்துவிட்டு இறங்குகிறவர். எல்லாருக்கும் பேரை மாற்றிவிட்டாள். தன் பேரையும் தன் படத்தையும் மட்டும் மாற்றாமல் போடச் சொன்னாள்.

"நீ இங்கிலீஷ்ல சரளமா எழுதுவியாமே. ஏன் தமிழ்ல?"

"எங்கப்பா தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில ஆறாவது வரைக்கும் படிச்சவரு. அவரு படிக்கணும்லா. மத்தவங்க படிச்சா சரி, படிக்காட்டியும் சரி."

டாக்டர் சொன்னதை அவர் நம்பவில்லை. சின்ன வயதிலிருந்து அவர் அவளிடம் சொல்வது ஒன்றுதான்: மூஞ்சியைப் பார்த்துப் பேசு. அலுவலகத்தில் எல்லாருடைய மூஞ்சியையும் பார்க்கிறவளுக்கு அவரிடம் மட்டும் முடியாமல் போய்விடுகிறது. அப்பா வீட்டில் போய் உட்கார்ந்ததும் உடம்பு தளர்ந்து, பார்வை கீழே இறங்கிவிடுகிறதாம். அதை அவர் மரியாதைக் குறைவு என்று நினைக்கிறார். அவரிடம்தான் அவள் நடிக்காமல் இருக்கிறாள் என்று அவருக்குப் புரிய வேண்டும். அதற்குத்தான் புத்தகம்.

3

வடிவமைப்பாளர்களுக்கு முதல் யோசனை எப்போதும் மோசமான யோசனை. நான் அட்டைக்கு ஒரு முகமூடி வரைந்திருந்தேன். பாதி சிரிப்பு, பாதி அழுகை. தேவிகா பார்த்தாள்.

"நாடகக் குழுவுக்கு நோட்டீஸா, அக்கா?"

கிழித்துப் போட்டேன். அட்டையில் தலைப்பும் அவள் பேரும் மட்டும் போதும் என்று முடிவானது. தாள் விஷயத்தில் அப்பாவின் கண்ணும் மகளின் கண்ணும் இரண்டு திசையில் இழுத்தன. அவருக்குக் கண்ணில் புரை, எழுத்து பெரிதாகவும் கருப்பாகவும் வேண்டும். அவளுக்கு வெள்ளைத் தாள் கூசும், பளபளப்புத் தாளைத் தொட்டால் கை கூசும். கடைசியில் இளமஞ்சள் நிறத்தில் சொரசொரப்பான தாள், பதினான்கு புள்ளி எழுத்து. வரிகளை இழுத்து வலது ஓரத்தை நேராக்க வேண்டாம் என்றாள். சொற்களுக்கு நடுவே இடைவெளி ஒன்று அகலமாக, ஒன்று ஒடுக்கமாக வந்தால் அவளுக்குப் பக்கமே மிதக்கிறது. நான் புத்தகம் செய்யக் கற்ற நாளிலிருந்து இரண்டு ஓரத்தையும் கயிறு பிடித்த மாதிரி நேராக வைத்தே பழகியவள். ஒவ்வொரு வரியும் தன் இஷ்டத்துக்கு முடிவதைப் பார்க்க முதலில் எரிச்சலாக இருந்தது. அப்புறம் பழகிவிட்டது.

இங்கே தமிழ்ப் புத்தகம் போடுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. முன்னால் வாழ்த்துரைகள் வரும், ஒவ்வொன்றிலும் கோட்டும் டையும் போட்ட ஒருவர் உங்களைப் பார்த்துப் புன்னகை செய்வார். அவர்களை எல்லாம் கடந்துதான் எழுதியவரிடம் போக முடியும். தேவிகா யாரையும் கேட்கவில்லை என்றாலும், விஷயம் காதில் விழுந்து ஒரு சங்கத் தலைவர் தானே வாழ்த்துரை அனுப்பிவிட்டார். 'அகத்தின் அழகு முகத்தில் தெரியும்' என்று தொடங்கியிருந்தார். முகத்தில் எதுவும் தெரியாமல் பார்த்துக்கொள்வதே பிழைப்பாகப் போன ஐந்து பேரைப் பற்றிய புத்தகத்துக்கு இதைவிடப் பொருத்தமாக யாரால் தொடங்க முடியும்? தேவிகா சிரித்தாள். அது மனப்பாடச் சிரிப்பு இல்லை என்பது, குறட்டை மாதிரி ஒரு சத்தம் வந்ததில் தெரிந்தது. வாழ்த்துரையே வேண்டாம் என்று எடுத்துவிட்டோம்.

அவளோடு கொஞ்சம் ஒட்டிக்கொண்ட பிறகு ஒருநாள் என் தலையாட்டல் கதையைச் சொன்னேன். நாங்களும் அப்படித்தான், வந்த ஊருக்குத் தகுந்த மாதிரி நடையை, பேச்சை, தலையை மாற்றிக்கொள்கிறோம், ஒரு வகையில் நாங்களும் உங்களைப் போலத்தான் என்று நீட்டி முழக்கினேன். புலம்பெயர்ந்தவர்களுக்கு எதைப் பார்த்தாலும் தங்கள் கதையாகத் தெரிகிற நோய் உண்டு. இதைப் படிக்கிற உங்களுக்கு அது தெரிந்ததுதான்.

தேவிகா கத்தரிக்கோலைத் திறந்து மூடினாள். "நீங்க காரைக்குடிக்குப் போனா ஒங்க தல பழையபடி ஆடுமில்ல?"

"ஆடும்."

"எனக்குப் போறதுக்கு ஒரு காரைக்குடி இல்லக்கா. பீடோர்ல எங்கப்பா வீட்டு அஞ்சடிதான். அங்கயும் திட்டு."

அஞ்சடி என்றால் வீட்டு முகப்பில் கூரை போட்ட ஐந்தடி இடம்.

4

அந்த அஞ்சடியில்தான் அவள் படத்தை எடுக்க வேண்டும் என்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கேமராவைத் தூக்கிக்கொண்டு போனேன்.

அவர்கள் இருந்த தோட்டம் இப்போது இல்லை. ரப்பர்ப் பால்மரங்களை வெட்டி எண்ணெய்க்குச் செம்பனை போட்டார்கள், தொழிலாளர் லயங்களை இடித்தார்கள். குடும்பங்கள் பீடோரைச் சுற்றிப் புதிதாக எழுந்த தாமான் என்கிற குடியிருப்புகளுக்குப் போய்விட்டன. தேவிகாவின் அப்பா பெருமாள் இளவயதில் பால்வெட்டு, பிறகு செம்பனைக் குலை ஏற்றும் லோரி. மனைவி இறந்து சில வருடங்கள் ஆகின்றன. என்னைப் பார்த்ததும், "வாங்க ஆச்சி" என்றார். நகரத்தார் வீட்டுப் பெண் என்று என் பேச்சை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்றால், இங்கே எந்த வயதிலும் நாம் ஆச்சிதான்.

அஞ்சடியில் தாளை விரித்துப் பெத்தாய் உரித்துக்கொண்டிருந்தார். நீளமாக முறுக்கிய காய், உள்ளே பச்சை விதைகள், மிளகாய்ச் சம்பாலோடு வதக்கினால் ருசி. வாசனைதான் ஊரைக் கூட்டும். தேவிகா பக்கத்தில் உட்கார்ந்து அவர் உரித்துப் போடுவதைப் பொறுக்கிக் கிண்ணத்தில் போட்டாள். நான் சுற்றிச் சுற்றி வந்து எடுத்தேன். எந்தப் படத்திலும் அவள் நிமிரவில்லை.

"பாத்தீங்களா ஆச்சி, ஒங்களயும் பாக்குதா? இப்பிடித்தான். மூஞ்சப் பாத்துப் பேசுன்னா பேசாது. ஆபீஸ்ல மட்டும் எப்பிடிப் பேசுது?"

தேவிகா உள்ளே தண்ணீர் எடுக்கப் போனாள். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"கோவத்துல சொல்லல ஆச்சி. அந்தக் காலத்துல தோட்டத்துல துரை வந்தா, கணக்குக் கிராணி வந்தா, நாங்க தலையத் தூக்கக் கூடாது. எங்கப்பா சாவுற வரைக்கும் அந்தக் கிராணிக்கு மூக்கு எப்பிடி இருக்கும்னு பாத்திருக்க மாட்டாரு. குனிஞ்சே நின்னு கழுத்தே அப்பிடி ஆயிப்போச்சி. நான் அப்பவே சொல்லிக்கிட்டேன், எனக்குப் பொறக்குறது எவன் முன்னுக்கும் குனிஞ்சி நிக்கக் கூடாதுன்னு. படிக்க வச்சேன். நல்ல வேல. இப்ப எங்கிட்ட வந்து குனிஞ்சிக்கிட்டு உக்காருது. எனக்கு எப்பிடி இருக்கும் சொல்லுங்க?"

இத்தனை நாள் அவள் பக்கத்தை மட்டுமே கேட்டிருந்தேன். அவருக்கு அந்தக் குனிந்த தலை ஒரு பெண்ணின் பழக்கமாகத் தெரியவில்லை. தன் அப்பாவின் கழுத்தாகத் தெரிந்தது.

5

இனிமேல் வருவது என் கைங்கரியம்.

காரைக்குடியில் நான் வேலை பழகியது ஓர் ஆல்பக் கடையில். நம் கல்யாணங்கள் உங்களுக்குத் தெரியும். வீட்டு வளவு நிறைய ஆட்களை நிறுத்திக் குழுப்படம் எடுத்தால் யாராவது ஒருவர் கண்ணை மூடியிருப்பார், அவர் மாப்பிள்ளையின் அத்தையாகத்தான் இருப்பார். வேறு படத்திலிருந்து அவர் கண்ணை எடுத்து இதில் ஒட்டுவது என் வேலை. முதலாளி, "மெய்யம்மை கை வச்சா தூங்குறவனும் முழிச்சுக்குவான்" என்பார். நெற்றிச் சுருக்கம், பார்க்கும் திசை, வெளிச்சம் எல்லாம் பொருந்தும்படி ஒட்டுவேன். இங்கே வந்த பிறகும் அதுதான் எனக்குச் சோறு போட்டது. நினைவஞ்சலி விளம்பரத்துக்கு நல்ல படம் கிடைக்காத குடும்பத்துக்கு, அடையாள அட்டையிலிருந்து கண்ணை எடுத்துக் கல்யாண வீட்டுப் படத்தில் வைத்துக் கொடுத்திருக்கிறேன். வாங்கிப் பார்த்து அழாதவர்கள் குறைவு. கோலாலம்பூரில் படிக்கும் என் மகள் நாச்சம்மை, நான் அனுப்பும் படங்களைப் பார்த்துவிட்டு இங்கிலீஷில் ஒரு வரி போடுவாள்: நீங்கள் எல்லாரையும் எடிட் செய்கிறீர்கள் அம்மா. தமிழில் பதில் எழுதச் சொன்னால் ஒரு பொம்மை முகம் வரும், அவ்வளவுதான்.

தேவிகாவின் பக்கத்துக்குப் படம் தேடியபோது அஞ்சடிப் படம் ஒன்று வெளிச்சத்தில் அருமையாக விழுந்திருந்தது. அப்பாவை வெட்டிவிட்டு அவளை மட்டும் பக்கத்துக்கு அளவாக எடுத்தேன். தலையைக் கொஞ்சம் நிமிர்த்தினேன். கண் கீழே இருந்தது. புத்தகத்துக்காக அவள் அனுப்பிய கோப்பில், தினமும் பையில் கொண்டுபோகும் சாமான்களின் படங்கள் இருந்தன. அதில் அலுவலக அட்டையும் இருந்தது. அட்டையில் அவள் நேராகப் பார்க்கிறாள், தெளிவான கண்கள். கை தானாகப் போனது. யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் பொய். காய் நறுக்குகிறவள் காம்பைக் கிள்ளுகிற மாதிரி அந்தக் கண்ணை எடுத்து இதில் ஒட்டிவிட்டேன். நன்றாகவும் வந்திருந்தது.

ஆல்ப வேலையில் இன்னொரு பழக்கம், பக்க மாதிரியைப் பெண்ணுக்கு மட்டும் அனுப்ப மாட்டோம், பெண்ணின் அப்பாவுக்கும் சேர்த்து அனுப்புவோம். சரி என்று சொல்ல வேண்டியவர் அவர்தானே. வீட்டில் படம் எடுக்க அனுமதி கேட்டபோது பெருமாள் ஐயாவின் எண் என் கைப்பேசியில் ஏறியிருந்தது. அந்தப் பக்கத்தை இருவருக்கும் வாட்ஸப்பில் தட்டிவிட்டேன்.

அரை மணி நேரத்தில் அவர் கூப்பிட்டார்.

"ஆச்சி, எம்புள்ள என்னயப் பாக்குது."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. சாயங்காலம் பார்த்தால், அதுவரை முருகன் படம் இருந்த அவருடைய வாட்ஸப் முகப்பு வட்டத்தில் அந்தப் படம் இருந்தது. அப்போதுதான் நான் செய்தது எனக்கே உறைத்தது.

6

தேவிகாவிடமிருந்து பல நாள் பதில் இல்லை. பிறகு வழக்கமான பிற்பகல் நேரத்தில் வந்தாள். உட்காரவில்லை. கைப்பேசியை என் மேசையில் வைத்தாள்.

"இது ஆபீஸ் கண்ணுக்கா."

பேச்சில் கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அவள் விவரம் சொல்வது போலச் சொன்னாள்.

"இந்தப் படம் எடுக்குறப்ப ஆபீஸ்ல, 'நேரா பாரு, நேரா பாரு'ன்னாங்க. கேமராவுக்கு மேல ஒரு ஸ்க்ரூ இருந்திச்சி. அதப் பாத்தேன். யாரயும் பாக்கல. எங்கப்பா அந்த ஸ்க்ரூவப் பாத்த கண்ணத்தான் போன்ல வச்சிக்கிட்டு எல்லாருக்கும் காட்டுறாரு. பக்கத்து வீட்டு அண்ணங்கிட்ட, எம்பிள்ள சரியாயிடுச்சின்னு சொல்லியிருக்காரு."

"நான் அவர்ட்ட சொல்லிடுறேன். தப்பு என்னோடது. ஒன் அசல் படத்தையே போட்டுடலாம்."

"வேணாம். நீங்க சொல்லக் கூடாது." அவள் இரண்டு கையையும் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டாள். "அவரு இவ்ளோ சந்தோஷமா இருந்து நான் பாத்ததில்லக்கா. புத்தகம் வந்தா அத்தனயும் போயிடும். ஆபீஸ்ல முந்நூறு பேருக்குச் செய்யிறத அப்பா ஒருத்தருக்குச் செய்யக் கூடாதா? இனிமே போனா ஸ்க்ரூவப் பாக்குற மாதிரி அவரு நெத்தியப் பாத்துட்டு வாரேன். அச்ச நிறுத்துங்க."

"இத்தன நாள் எழுதுனது?"

"எழுதுனது எழுதுனதுதானே. எங்க போகப் போவுது?"

சொல்ல மாட்டேன் என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டு படி இறங்கிப் போய்விட்டாள். அச்சகத்தில் தாள் வந்து காத்துக்கொண்டிருந்தது. கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன். அப்பா வீட்டு அஞ்சடி என்று அவளிடம் இருந்த ஒரே இடத்தையும் நானே பிடுங்கி அலுவலகத்தோடு சேர்த்துவிட்டேன் என்பது எனக்கு நன்றாகவே தெரிந்தது. பார்வையற்றவருக்கு வழிகாட்டுகிறேன் என்று பள்ளத்தில் தள்ளியவள் கூட என்னைவிட மேல். அன்று நாச்சம்மையைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "பாவம் மா அவங்க" என்று தமிழிலேயே சொன்னாள்.

7

அந்த வாரமே பெருமாள் ஐயா ஈப்போவுக்கு வந்துவிட்டார். பெரிதாக ஒரு படம் போட்டுச் சட்டத்தில் வைக்க வேண்டும் என்று முன்னாலேயே போனில் சொல்லியிருந்தார். கையில் பெத்தாய்க் கட்டு. மாடிப்படி ஏறியதில் மூச்சு வாங்கியது.

அவர் கேட்ட அளவில் போட்டு வைத்திருந்தேன். என் வேலையின் சுத்தத்தை நானே வெறுத்துக்கொண்டு போட்டேன். சொல்லக் கூடாது என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. மேசையில் விரித்தேன். அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்தார்.

முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு மெல்லக் குறைந்தது. கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார். இடது பக்கம் வந்து பார்த்தார், வலது பக்கம் போய்ப் பார்த்தார். போனில் விரல்நுனி அளவில் இருந்த கண் இப்போது கோழிமுட்டை அளவில் இருந்தது.

"நல்லாத்தான் இருக்கு ஆச்சி" என்றார். "ஆனா இது எங்க பாக்குது? என்னயத் தாண்டி எங்கயோ பாக்குற மாதிரில்ல இருக்கு."

படத்தின் ஓரத்தை விரலால் தொட்டார்.

"அன்னிக்கு நான் பக்கத்துலதானே இருந்தேன். நான் எங்க?"

"அளவுக்காக வெட்டிட்டேன் ஐயா."

"முழுப் படம் இருக்கா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். தேவிகாவுக்குக் கொடுத்த வாக்கு அதைத்தான் கேட்டது. ஆனால் கேட்பவர் அப்பா, அது அவர் இருக்கிற படம். கணினித் திரையில் அசல் படத்தைத் திறந்தேன். அஞ்சடி, தாள், உரித்த தோல், இடது பக்கம் அவர், வலது பக்கம் தேவிகா. அவள் தலை கீழே.

அவர் திரையையும் மேசையில் கிடந்த படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப இந்தக் கண்ணு?"

"நான் மாத்துனது ஐயா. வேற படத்துலேர்ந்து எடுத்து ஒட்டுனேன். அப்ப அவளுக்குத் தெரியாது. தெரிஞ்ச பெறகு, ஒங்க சந்தோஷம் கெட வேணாம்னு சொல்லாம இருக்கச் சொன்னா."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் கையைக் கட்டிக்கொண்டு வாங்கியிருப்பேன். அவர் நாற்காலியை இழுத்துத் திரைக்கு முன்னால் போட்டு உட்கார்ந்துவிட்டார். "பெரிசா ஆக்குங்க" என்றார். ஆக்கினேன். அவள் முகம் திரையை நிறைத்தது. இமை தாழ்ந்திருந்தாலும் உள்ளே கருவிழி தெரிந்தது. அது போகிற வழியை அவர் விரலால் திரையில் கோடு இழுத்துக்கொண்டே வந்தார். நானும் படத்தை நகர்த்திக்கொண்டே போனேன். விரல் போய் நின்ற இடம், பெத்தாய்க் காயைப் பிளந்துகொண்டிருந்த அவருடைய கைகள்.

நகத்தில் பச்சைக் கறை. பெருவிரல் பக்கத்தில் பால்வெட்டுக் கத்தி கீறிய பழைய தழும்பு.

"சின்னதுலயும் இப்பிடித்தான்" என்றார். "நான் சைக்கிள் செயின் மாட்டுனா பக்கத்துல வந்து குந்திக்கும். லோரி டயரு கழட்டுனா வந்து குந்திக்கும். மூஞ்சப் பாருடின்னு கத்துவேன். அது பாட்டுக்கு உக்காந்திருக்கும்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார்.

"ஆச்சி, எங்கப்பா குனிஞ்சி நின்னத நான் பாத்திருக்கேன். அவரு எதயும் பாக்க மாட்டாரு. கண்ணு தொறந்திருக்கும், ஆனா பாக்காது. இது அப்பிடி இல்ல. இது குனியல. பாக்குது."

பிறகு கைப்பேசியை என்னிடம் நீட்டினார். வாட்ஸப் படத்தை மாற்ற அவருக்குத் தெரியாது, முதல் தடவை மாற்றியது பக்கத்து வீட்டுப் பையன். நான் அசலை அவர் போனுக்கு அனுப்பி வட்டத்துக்குள் வைத்தேன். வட்டம் சின்னது. இரண்டு பேரையும் கைகளையும் சேர்த்து வைத்தால் எல்லாம் எறும்பாகிவிட்டது. பெரிதாக்கினால் ஏதாவது ஒன்று வெளியே போனது. ஆல்பக்காரியின் புத்தி, முகங்கள் இரண்டையும் காப்பாற்றத்தான் பார்த்தது.

"அப்பிடி இல்ல ஆச்சி. எம்மூஞ்சி வேணாம், அத வெட்டிடுங்க. கை வரணும். புள்ள பாக்குறது கையத்தானே."

அவர் சொன்னபடியே வைத்தேன். வட்டத்தில் தேவிகாவின் குனிந்த முகமும் அவருடைய இரண்டு கைகளும் இருந்தன. மேசையில் இருந்த பெரிய படத்தைச் சுருட்டி என் பக்கம் தள்ளிவிட்டு, பெத்தாயை வீட்டுக்கு மறக்காமல் எடுத்துப் போகச் சொல்லிப் படியிறங்கினார்.

மறுநாள் காலை தேவிகாவிடமிருந்து செய்தி வந்தது. அப்பா படத்தை மாற்றிவிட்டாரே, நீங்கள் சொன்னீர்களா என்று கேட்டிருந்தாள். அவர் கேட்டார், காட்டினேன், மன்னித்துக்கொள் என்று எழுதினேன். எழுதுகிறாள் என்று காட்டும் புள்ளிகள் வருவதும் போவதுமாக இருந்தன. கீழே கோப்பிக்கடை திறந்து, விசிறி உறும ஆரம்பித்துவிட்டது. பிறகு ஒரு வரி வந்தது.

"அந்த அஞ்சடிப் படத்தையே போட்டு அச்சுக்கு அனுப்புங்கக்கா. அப்பாவ வெட்டாதீங்க."